ஏரி கீழே இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஓர் ஏரியில் பாதி காணாமல் போனார்.

கீழ்ப்பாதி.

பதறாதீர்கள். முழுசாகத் திரும்பி வந்துவிட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். காரைக்காலில் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற என் மாமியாருக்கும் சொல்லிவிடுகிறேன் — உங்கள் பிள்ளை சுகம். கை, கால், பிடிவாதம் எதற்கும் சேதமில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இவரை அறிமுகம் செய்துவிட வேண்டும். பெயர் சூசை. சைகோனில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா. வாரம் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் இவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. வீட்டுக்குள்ளேயே நடப்பார். ஒரு ஞாயிறு சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். அடுத்த ஞாயிறு என் தையல் மெஷினைப் பிரித்தார். மூன்றாவதாக ரேடியோவின் மேல் கண் விழுந்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"வெளிய போயி ஏதாவது பண்ணுங்களேன்" என்றேன்.

பண்ணினார். மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் ஒரு தூண்டில் வந்தது. பிறகு சுருள் சுருளாகத் தூண்டில் நரம்பு. இப்போதுதான் சைகோன் நடைபாதைகளில் அமெரிக்கச் சாமான் கொட்டிக் கிடக்கிறதே... அங்கிருந்து இரண்டு லைஃப் ஜாக்கெட் வந்தது. கடைசியாக வந்தது ஒரு பூட்ஸ். சாதாரண பூட்ஸ் இல்லை. ரப்பர். தொடை வரைக்கும் ஏறும். நழுவாமல் இருக்க மேலே வார் வைத்து, அதை இடுப்பு பெல்ட்டோடு மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் வாத்து கத்துவதுபோல் ஒரு சத்தம்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"மீனு சிரிச்சே செத்துப் போயிடும்" என்றேன். பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டில் இவருக்குக் கூட்டாளி சோலையப்பன் அண்ணன். காரைக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் கடையின் நிர்வாகத்தைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை தண்டாயுதபாணி கோயிலில் அவரைப் பார்த்தால் அவ்வளவு அடக்கம். மீன் என்று யாராவது சொன்னால் அந்த அடக்கம் போய்விடும்.

"உங்களுக்கு மீன் புடிக்கத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கிட்டுத் தெரியும்ங்கறேன்? நீச்சலே தெரியாது. முசியே புடிக்கட்டும் தங்கச்சி, நான் முடிக்கிறேன்."

முசியே என்பது என் வீட்டுக்காரர். பிரெஞ்சுக் கம்பெனி என்பதால் சோலையப்பன் அண்ணன் வைத்த பட்டம். கேலியா மரியாதையா என்று இன்றுவரை இவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்திருக்கிறது.

நான் ஏன் போனேன்? புளியோதரைக்குக் காவலாக. டிபன் கேரியரை மட்டும் தனியாக இவர்களோடு அனுப்பினால் அது படகு ஏறுமுன்பே காலியாகிவிடும்.

து டுக் பக்கம், ஊருக்கு வெளியே, அந்த ஏரி. டாக்ஸியில் போனோம். வழியில் ராணுவச் சோதனைச் சாவடி. சிப்பாய் ஒருவர் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். பாவம், அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே.

ஏரி அழகாகத்தான் இருந்தது. கரை தளும்பத் தண்ணீர். ஓரமெல்லாம் தண்ணீரிலேயே முளைத்து நிற்கிற குட்டைத் தென்னை மாதிரி ஒரு மரம். ஒரு பக்கத்தில் வாய்க்கால் ஒன்று ஏரியை ஆற்றோடு சேர்த்திருந்தது. அதைப் பார்த்தோம். "அந்த வழியா மீன் வரும்" என்றார் இவர். மீன் வருகிற வழியில் தண்ணீர் போகவும் செய்யும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

படகு வாடகைக்கு விடுகிற அம்மாள் கரையில் ஒரு குடிசைக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சீட்டை யாரும் பார்த்துவிடாமல் மார்போடு அணைத்தபடியே எழுந்து வந்து படகைக் காட்டினாள். துடுப்பில் ஒன்று விரிசல். தண்ணீர் இறைக்க ஒரு டப்பாகூட இல்லை. எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஏரியையும் சூரியனையும் மாறி மாறிக் கை நீட்டி, "நுவக் ரோங்! நுவக் ரோங்!" என்றாள்.

"தெரியும், தெரியும்" என்று வியட்நாமியத்தில் சொன்னார் இவர். தன் வியட்நாமியத்தில் இவருக்குப் பெருமை அதிகம்.

"என்னா சொல்றாங்க?" என்றேன்.

"நுவக்னா தண்ணி. ரோங்னா டிராகன். இந்த ஏரியில டிராகன் இருக்குதாம்."

"அட முருகா!" என்றார் சோலையப்பன் அண்ணன்.

"எல்லாம் இவங்க நம்பிக்கை, செட்டியாரே. சீனங்கோயில் சுவத்துல நெளியுமே, அது. நாம ஒரு கும்புடு போட்டுட்டு ஏறுவோம்."

ஏரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள் இருவரும். அந்த அம்மாள் சற்று நேரம் எங்களையே பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுச் சீட்டாடப் போய்விட்டாள்.

ஏறினோம். லைஃப் ஜாக்கெட்டுகளும் ஏறின. பலகை உறுத்துகிறது என்று அவற்றைப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார்கள்.

"அத மாட்டிக்கிறதுதானே?" என்றேன்.

"ஏரியிலயா? காரைக்கால்காரன்கிட்ட தண்ணியப் பத்திப் பேசுறியே... சமுத்திரத்தப் பாத்தவன் நான்."

சமுத்திரத்தைப் பார்த்தவர்தான். கடற்கரையில் உட்கார்ந்து பார்த்தவர்.

ஏரியின் அந்தக் கோடியில் யாரோ வலை கட்டுவதற்காக நட்ட மூங்கில் கம்பு ஒன்று நின்றது. அதில் படகைக் கட்டினார். சும்மா கட்டவில்லை — கயிற்றில் ஒரு விரல்கூட நுழையாதபடி, ஆபீஸில் பைல் கட்டுகிற மாதிரி இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. "படகு அசையக் கூடாது, பாரு" என்றார். அசையவில்லை. வாஸ்தவம்.

மீனும் கடித்தது. ஒரு கெளுத்தி, பிறகு நல்ல விரால் ஒன்று. நான் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்தா, கொடைய மடக்கு. மீனு பயப்படும்" என்று அதட்டல் வேறு. புளியோதரை கைமாறியது. சோலையப்பன் அண்ணன் கண்ணை மூடி, அந்த விராலைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று யோசிக்க ஆரம்பித்தார். கண் திறந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"முசியே, இந்தக் கம்பு வளர்ந்திருக்கோ?"

இவர் மிதவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூங்கில்தானே செட்டியாரே. வளரும்."

இதில் சிரிக்க வேண்டியது யாரைப் பார்த்து என்று எனக்கே தெரியவில்லை. நானும் "ஆமாம்ல" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தேன். வெட்டி நட்ட மூங்கில்! ஒரு முழம் வளர்ந்திருக்கிறது, எங்கள் கண்ணெதிரே!

கம்பு வளரவில்லை. ஏரி இறங்கிக்கொண்டிருந்தது.

படகின் மூக்கு முடிச்சில் தொங்க, பின்பக்கம் தண்ணீரோடு கீழே போயிற்று. முதலில் டிபன் கேரியர் நகர்ந்தது. பிறகு விரால் இருந்த வாளி. அப்புறம் சோலையப்பன் அண்ணன், உட்கார்ந்த நிலையிலேயே, மெதுவாக என்னைக் கடந்து போனார். "என்ன தங்கச்சி, நான் போய்க்கிட்டே இருக்கேன்?" என்றார். அவர் என் குடையைப் பிடிக்க, நான் பலகையைப் பிடிக்க, இவர் தவழ்ந்து போய் முடிச்சோடு மல்லுக்கட்டினார். இவர் போட்ட முடிச்சு இவருக்கே அவிழவில்லை. கடைசியில் தூண்டில் கத்தியால் கயிற்றை அறுத்தார். படகு பொத்தென்று விழுந்தது.

விழுந்தது தண்ணீரில் இல்லை. சேற்றில்.

தலையைத் தூக்கிப் பார்த்தோம். காலையில் நாங்கள் கும்பிட்ட ஏரியைக் காணோம். சுற்றிலும் கறுப்பாக, பளபளவென்று, நண்டு வளை வளையாகச் சேறு. தூரத்தில் வாய்க்காலை ஒட்டி மட்டும் கொஞ்சம் தண்ணீர் வெயிலில் மின்னியது.

"இதுக்குத்தான் பூட்ஸ்" என்றார் இவர்.

அந்த வார்த்தையில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல? பூட்ஸ் வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு வேலை வராதா என்று காத்திருந்தவர். இறங்கித் தள்ளினால் தண்ணீர் வரைக்கும் போய்விடலாம் என்றார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

கால் போயிற்று. முழங்கால், தொடை... அதை எடுக்க இன்னொரு காலை ஊன்றினார். அதுவும் போயிற்று. இடுப்பில் வந்து நின்றார். படகுக்கும் அவருக்கும் ஒரு கை நீட்டும் தூரம்.

"ஒண்ணுமில்ல" என்றார். ஆண்கள் இந்த வார்த்தையை எப்போது சொல்கிறார்களோ அப்போது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

சோலையப்பன் அண்ணனும் நானும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். படகுதான் அவர் பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று, அவர் வரவில்லை. அவர் உதறி எழும்பப் பார்த்தார். ஒவ்வொரு உதறலுக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே. தொப்புள் வரைக்கும் வந்துவிட்டது. பூட்ஸை யாரோ கீழிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்றார்.

கரையைப் பார்த்துக் கத்தினோம். சோலையப்பன் அண்ணன் துண்டை வீசினார். கடை வாசலில் அந்த அம்மாள் தெரிந்தாள். நாங்கள் கை ஆட்டுவதைப் பார்த்தாள். அவளும் சிரித்த முகமாக ஆட்டினாள். மறுபடி சீட்டாட உள்ளே போனாள்.

தலைக்குமேல் ஹெலிகாப்டர் ஒன்று வந்தது. சோலையப்பன் அண்ணன் அதற்கும் துண்டைத் தூக்கினார். நான் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். சண்டை நடக்கிற இந்த நாட்டில், இந்தக் காலத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்துத் துணி வீசலாமா? அது என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

"தங்கச்சி, அந்தம்மா சொன்ன டிராகன்..." என்று இழுத்தார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த வியட்நாமியமெல்லாம் சந்தையோடு சரி. ஆனால் சந்தையில் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். "இன்னிக்கு ஏன் காய்கறிப் படகு வரலை?" என்றால் கடைக்காரி கால்வாயைக் காட்டி "நுவக் ரோங்" என்பாள். கால்வாயில் தண்ணீர் வடிந்துவிட்டதாம், அது ஏறினால்தான் படகு வருமாம். வாயைக் குவித்து 'ரோங்' என்றால் டிராகன். வாயை அகலத் திறந்து 'ரோங்' என்றால் தண்ணீர் இறக்கம். காலையில் நான் அந்த அம்மாளின் வாயைப் பார்க்கவில்லை. மொழிபெயர்த்தவரின் வாயைப் பார்த்துவிட்டேன்.

"டிராகன் இல்லண்ணே. தண்ணி வடியப் போவுதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்பாடி" என்றார் சோலையப்பன் அண்ணன். "வடியறதுதானே? வடிஞ்சது மறுபடி வந்துட்டா படகு மிதந்துரும், நாம போயிரலாம்."

படகு மிதக்கும். இவர் மிதப்பாரா?

மூவருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் இந்த ஏரி ஏறும். காலையில் பார்த்தோமே, கரை தளும்ப. அந்தத் தண்ணீர் இவர் நிற்கிற இடத்தில் எவ்வளவு உயரம் நின்றது என்று மூங்கில் கம்பில் ஈரக்கோடு இருந்தது. இவர் தலைக்கு மேலே இருந்தது அந்தக் கோடு. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்தால் எனக்கு வேலை செய்ய வரும். உட்காரப் போட்டிருந்த ஜாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மாட்டினார். சமுத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வார்களை நானே குனிந்து கட்டினேன். மிச்சமிருந்த கயிற்றை அவர் அக்குளுக்குக் கீழே சுற்றி, மறுமுனையைப் படகின் குறுக்குப் பலகையில் கட்டினேன் — இந்தத் தடவை தாராளமாகத் தளர விட்டு. படகின் அடிப்பலகைகளைக் கழற்றி அவருக்குப் பின்னால் சேற்றில் பரப்பினோம். அதன்மேல் இரண்டாவது ஜாக்கெட்.

"எழும்பாதீங்க. இழுக்காதீங்க. மெத்தையில சாயிற மாதிரி பின்னால சாயுங்க."

சாய்ந்தார். இரண்டு கையையும் விரித்துப் பலகையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போவது நின்றது.

"இப்ப கால உருவுங்க."

"வரலையே. பூட்ஸு புடிக்குது."

"பூட்ஸ வுட்டுட்டு வாங்க."

"பெல்ட்டோட மாட்டியிருக்கு."

"பெல்ட்ட அவுருங்க."

சோலையப்பன் அண்ணன் பக்கம் கண்ணை ஓட்டினார். பிறகு மெதுவாக, "செட்டியார் இருக்காரே" என்றார்.

கேளுங்கள் இதை. தலைக்கு மேலே தண்ணீர் ஏறப் போகிறது. இவருக்குக் கால்சட்டைக் கவலை!

"முசியே, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேங்கறேன்!" என்று கத்தினார் சோலையப்பன் அண்ணன். "அவுத்துத் தொலைங்க!"

கையை எடுத்தால் மறுபடி நேராக நின்றுவிடுவார், இறங்கிவிடுவார். ஆக, அவிழ்க்க வேண்டியது நான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த கடைசிப் பலகையைச் சேற்றில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, படகிலிருந்து வெளியே நகர்ந்தேன். சோலையப்பன் அண்ணன் என் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார். "கண்ண மூடிட்டேன் தங்கச்சி" என்றார்.

"கண்ண மூடுங்கண்ணே. கைய வுட்டுடாதீங்க."

தோள் வரை கையைச் சேற்றுக்குள் விட்டேன். சேறு சில்லென்று இருந்தது. துழாவித் துழாவிக் கொக்கியைப் பிடித்தேன். வழுக்கிற்று. மறுபடி பிடித்தேன். மூக்குக்கு நேரே இவர் முகம். இத்தனை கிட்டத்தில் இவர் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. மீசையில் ஒரு புளியோதரைப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொக்கி கழன்றபோது, சேற்றின்மேல் ஏதோ ஊர்ந்து வந்து என் கன்னத்தைத் தொட்டது. தண்ணீர்.

வாய்க்கால் பக்கமிருந்து சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. முதலில் நண்டு வளைகள் நிரம்பின. பிறகு நான் படுத்திருந்த பலகை ஆடியது. சோலையப்பன் அண்ணன் என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டார். படகு லேசாக அசைந்தது. இவர் நெஞ்சைத் தொட்டது தண்ணீர்.

"ரெஜினா" என்றார்.

என் பெயர் அது. கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ரெஜினா... அம்மாவுக்கு இதெல்லாம் எழுதாத."

"எழுதல" என்றேன். எழுதவில்லைதானே? அச்சடித்துத்தானே அனுப்புகிறேன்.

"காலை ஆட்டிக்கிட்டே இருங்க. மெதுவா. வெடுக்குன்னு வேணாம்."

பயந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீரே பிறகு எங்களுக்கு உதவிற்று. காலை ஆட்ட ஆட்ட, அது சேற்றுக்குள் இறங்கி இளக்கியது. ஜாக்கெட் தண்ணீரைக் கண்டதும் அவரை மேலே தூக்கப் பார்த்தது. வலது கால் புளக் என்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது — பூட்ஸ் இல்லாமல். இடது கால் வரவில்லை. தண்ணீர் தாடையைத் தொட்டது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சோலையப்பன் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி முருகனைக் கூப்பிட்டார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். யார் முதலில் வந்தார்கள் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

"விரல நீட்டுங்க. பூட்ஸுக்குள்ள பாதத்த நீட்டி உருவுங்க!"

கண்ணை மூடினார். முகம் கோணிற்று. ஒரு நிமிஷம் ஜாக்கெட்டும் சேறும் அவரை இருபக்கமும் இழுத்தன. பிறகு ஜாக்கெட் ஜெயித்தது. தக்கை மாதிரி எழும்பி, மல்லாந்து, இரண்டு கால்களும் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டோம். நான் அவர் முதுகில் இரண்டு அடி வைத்தேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

கால்சட்டை பூட்ஸோடு போயிற்று. விரால் எப்போது தப்பித்ததென்று தெரியாது. சோலையப்பன் அண்ணன் வாளியை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், பாவம்.

கரை ஏறினோம். சட்டை, ஜாக்கெட், கீழே சோலையப்பன் அண்ணனின் துண்டு — இதுதான் இவர் கோலம். படகுக்கார அம்மாள் பார்த்தாள். சீட்டைக் கீழே வைத்தாள். அதுவரை நடந்ததெல்லாம் அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஓடிப்போய் அவள் புருஷனின் கறுப்புக் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து இவர் கையில் திணித்தாள். சூடாகத் தேநீர் கொடுத்தாள். அப்புறம்தான் சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரமாயிற்று.

திரும்பும்போது மறுபடி சோதனைச் சாவடி. தலையிலிருந்து கால் வரை சேறு, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட கறுப்புக் கால்சட்டை. இந்த நாட்டில் கறுப்புக் கால்சட்டை என்றால் சிப்பாய்களுக்குக் கெரில்லா என்று அர்த்தம், உங்களுக்கும் தெரியும். துப்பாக்கி கொஞ்சம் நிமிர்ந்தது. நல்ல வேளை, காலையில் பார்த்த அதே சிப்பாய். "பூட்ஸ் எங்கே?" என்று தொடையைத் தொட்டுக் காட்டினார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் தரையைக் காட்டினோம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சிப்பாயும் வந்துவிட்டார். போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்து முடித்தபிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள் செய்த தவறுதான் என்ன? ஏரி என்றால் தட்டில் ஊற்றி வைத்த பாயசம், வைத்த இடத்தில் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். இந்தப் பக்கத்து ஏரிகள் அப்படி இல்லை. ஆற்றோடு ஒட்டியவை ஏறும், இறங்கும். அணை கட்டிய ஏரியாக இருந்தால் மதகு திறந்ததும் இறங்கும். நம் ஊர் ஏரிகள்கூட மழைக்கு ஒரு முகம், கோடைக்கு ஒரு முகம் காட்டுகிறவைதானே? நேற்று படகு போன இடத்தில் இன்று கட்டை முளைத்திருக்கும்.

உங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். உங்கள் வீட்டுக்காரரும் தூண்டில் வாங்குவார். அவரிடம் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள். அங்கே என்ன மீன் கிடைக்கும் என்று விசாரிக்கும்போதே, தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள், கவுரவம் குறையாது. எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் தேடு என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாங்கள் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் பதிலுக்குக் கை ஆட்டியிருக்க மாட்டாள். ஜாக்கெட்டை உடம்பில் மாட்டுங்கள், உட்கார மணை போதும். கயிற்றைத் தளரக் கட்டுங்கள். தரை தட்டினால் படகிலேயே இருங்கள், இறங்காதீர்கள் — எவ்வளவு நல்ல பூட்ஸாக இருந்தாலும்.

மூன்று நாள் இவர் எதையும் பிரிக்கவில்லை. கடிகாரத்தைக்கூடத் தொடவில்லை. புதன்கிழமை மாலை ஆபீஸ் விட்டு வந்ததும், "ஆத்தங்கரைக்குப் போவோமா?" என்றார். போனோம். சைகோன் ஆற்றங்கரையில் அந்த நேரத்துக்கு எப்போதும் கூட்டம். காற்றுக்கு வருகிறவர்கள், கரும்புச்சாறு, வறுத்த வேர்க்கடலை. நாங்களும் எத்தனையோ மாலை அங்கே உட்கார்ந்து கடலை கொறித்திருக்கிறோம். ஊர் நடுவில் ஓடுகிற அந்த ஆறு தினமும் ஏறி இறங்குகிறது என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. கப்பல் பார்த்தோம், கப்பலில் வந்தவர்களைப் பார்த்தோம். தண்ணீரைப் பார்க்கவில்லை.

அன்று இவர் கடலையைத் தொடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுதா, இறங்குதா?" என்றேன்.

பார்த்தார். எட்டிப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கடலை விற்கிற பெண்ணின் பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இரு ரெஜினா. இவங்களையே கேட்டுடுவோம்" என்றார்.

ஆறு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் ஒருவரிடம் சந்தேகம் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.